பெயரில்லாத கோப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

கம்ப்யூட்டர் செத்துவிட்டது. காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியாக வந்தபோது பெட்டிக்குள் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். அப்புறம் வயர் கருகும் வாடை. பேசிக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் நின்றுவிட்டது.

எனக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதையெல்லாம் அந்தக் குரல்தான் எனக்கு வாசித்துச் சொல்லும். பெண் குரல், ஏற்ற இறக்கமே கிடையாது, மூச்சு விடாமல் பேசும். அது இல்லையென்றால் இந்த அறையில் நான் நாற்காலிக்குச் சமம். இதைக் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சின்ன எழுத்துப் பலகையைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கமாட்டான்.

ஜூலை ஆறாம் தேதி அரசுத் தேர்வு. என் வயதுக்கு இதுதான் கடைசி முறை. தேறினால் ஒரு வேலை, அக்கா வீட்டை விட்டு வெளியே ஒரு வாடகை அறை. படிக்க வேண்டிய பாடம் முழுவதும் ஒலிப்பதிவாக அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஜூன் 4, புதன்

மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போய்வந்தார். மாமா என்றால் குணசேகரன், அக்கா வீட்டுக்காரர். போர்வெல் ஏஜெண்ட். பாதி ஆயுளைத் துளை போடும் ரிக் வண்டிக்குப் பக்கத்தில் கழித்ததால் ரகசியத்தைக்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

"மாப்ள, உள்ள போர்டு காலி. ஹார்ட் டிஸ்க் பொழச்சுக்கிச்சாம். புதுசா ஒரு கம்ப்யூட்டர் எடுத்துரலாம். பழைய டிஸ்க்க அதுக்குள்ள ரெண்டாவதா மாட்டிக்கலாம்னு சொல்றான்."

போன உயிர் வந்தது. புதுக் கம்ப்யூட்டருக்கென்று ஒரு சின்ன டிஸ்க் இருக்கும், விண்டோஸ் அதில் ஓடும். என் பழைய டிஸ்க் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லும். இரண்டு வயர், நாலு திருகாணி. அவ்வளவுதான் வேலை.

ஜூன் 5, வியாழன்

வேறு வேலை இல்லாததால் பாடங்களைப் பற்றி எழுதுகிறேன்.

நான் படிக்க வேண்டிய புத்தகங்களெல்லாம் பழைய அச்சு. படம் பிடித்து மெஷினிடம் கொடுத்தால் கள் குடித்ததைப் போல உளறுகிறது. ஆள்தான் வாசிக்க வேண்டும். செவ்வந்தி என்று ஒரு பெண், அடுத்த தெரு. இரண்டு வருடம் சாயங்காலந்தோறும் வந்து, இதே மேசையில் உட்கார்ந்து, மைக்கில் வாசித்துப் பதிவு செய்தாள். வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், எல்லாம் அவள் குரல்தான். தெளிவாக வாசிப்பாள். அவளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

"ரெடியா? ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லித்தான் ஒவ்வொரு பதிவையும் தொடங்குவாள். நடுவில் கம்ப்யூட்டர் குரல் எதையாவது அறிவித்துவிட்டால் கோபம் வந்துவிடும். "இந்தச் சக்களத்திய கொஞ்சம் வாய மூடச் சொல்லுங்க" என்பாள். விளையாட்டுக்காரி. ஒரே அறையில் இரண்டு பெண் குரல் இருந்தால் அப்படி ஒரு கேலி வருவது சகஜம்.

போன வருடம் மார்ச் மாதம் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அக்காதான் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அவள் நம்பரைப் போனிலிருந்து அன்றைக்கே அழித்துவிட்டேன். போகட்டும். எனக்கு வேண்டியது பாடம்.

ஜூன் 6, வெள்ளி

எழுத விரல் வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

புதுப் பெட்டி வந்தது. திங்கட்கிழமை நானே வந்து பழைய டிஸ்க்கை மாட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆயிரம் அடி ஓட்ட போட்டவனுக்கு ரெண்டு வயரு சொருகத் தெரியாதா?" என்றார். போர் போடும் இடத்தில் செய்வது போலவே பெட்டிக்கு முன்னால் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி, அதன் நெற்றியில் சந்தனம் வைத்தார். பிறகு போனில் ஒரு வீடியோவைப் போட்டார். புதுக் கம்ப்யூட்டரில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வைப்பது எப்படி என்று ஒரு பையன் சொல்லிக்கொடுக்கிற வீடியோ.

டிஸ்க்கை நான்தான் பிடித்துக்கொண்டேன். கைக்கு அடங்குகிற சாமான், ஆனால் கனம். மாமா வயர்களைச் சொருகினார். பெட்டியை மூடி ஆன் செய்ததும் உள்ளே அது சுற்றத் தொடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. பழைய சத்தம்தான். சந்தோஷத்தில் மாமாவின் தோளைத் தட்டினேன்.

ஆனால் திரையில் டிஸ்க் வரவில்லை. மாமா மவுஸை இங்கும் அங்கும் தட்டினார். தட்டுகிற ஒவ்வொன்றையும், கடைக்காரர் இதிலும் ஏற்றிக் கொடுத்திருந்த அந்தக் கம்ப்யூட்டர் குரல் வாசித்தது. ஒரு பக்கம் வீடியோப் பையன், ஒரு பக்கம் அவள்.

"மாப்ள, இந்த வாயாடிய அமுத்து. அவன் சொல்றது ஒண்ணும் காதுல விழல."

"வேணாம் மாமா, அவ சொல்லட்டும்."

"ரெண்டே நிமிஷம்யா" என்று ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டார். அவர் வீட்டில் இருந்துகொண்டு அவரிடம் எத்தனை தடவை வேண்டாம் என்பது? சும்மா இருந்தேன். மவுஸ் சத்தமும் பையனின் குரலும் மட்டும் கேட்டன. நெக்ஸ்ட் குடுங்க, நெக்ஸ்ட் குடுங்க, பினிஷ்.

"வந்துருச்சு மாப்ள! ஈ டிரைவ்!" மாமா கத்தியது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் பென்டிரைவிலிருந்த பாட்டையெல்லாம் அதில் ஏற்றினார். அதற்கப்புறம்தான் ஸ்பீக்கரை மாட்டினார். நான் ஈ டிரைவைத் திறந்தேன். மாமாவின் பாட்டுகளைக் குரல் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. மேலும் கீழும் விசையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். திரும்பத் திரும்ப மாமாவின் பாட்டு.

அந்த வீடியோ காலி டிஸ்க்குக்கானது. அதைப் பையன் முதலிலேயே சொல்லியிருக்கிறான். மாமா முதல் பகுதியை ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறார். டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று திரையில் இங்கிலீஷில் எச்சரிக்கை வந்திருக்கும். அந்தக் குரல்காரியைப் பேச விட்டிருந்தால் எனக்கு வாசித்திருப்பாள்.

நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று அக்கா கேட்டாள்.

ஜூன் 7, சனி

சாப்பிடவில்லை. பசியில்லை, வேறொன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

சேலத்தில் அழிந்ததை மீட்டெடுக்கிற கடை இருக்கிறதென்று விசாரித்து மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் ஒவ்வொரு முறை பள்ளத்தில் இறங்கும்போதும் துண்டை இறுக்கிப் பிடித்தேன். வழியெல்லாம் மாமா பேசவில்லை. அவர் பேசாமலிருந்து நான் கேட்டதே இல்லை.

கடைக்காரர் நிதானமான மனிதர். "மேல ஏதும் எழுதாம இருந்தா எல்லாமே வந்திருக்கும் சார். பாட்டு ஏத்திட்டீங்க, அது ஒரு பகுதிய மூடியிருக்கும். முயற்சி பண்றேன்."

"என்ன வரும்?"

"வர்றது வரும். ஆனா பேரெல்லாம் போயிடும். பாடம் ஒண்ணு, பாடம் ரெண்டுன்னு இருக்காது, வெறும் நம்பர்தான். இன்னொண்ணு, நீங்க எப்பவோ வேணாம்னு அழிச்சதும் சேர்ந்து வந்து நிக்கும். எது நல்லது எது குப்பைன்னு நீங்கதான் பிரிக்கணும்."

திரும்பும்போது மாமா, "மன்னிச்சிரு மாப்ள" என்றார். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "விடுங்க" என்றேன். மனதுக்குள் விடவில்லை. அவர் கையை ஒடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

ஜூன் 11, புதன்

மாமா வேலைக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை வாசித்தார். நிரந்தர நிலவரித் திட்டத்தை ரிக் ஓடும்போது ஆளைக் கூப்பிடுகிற தொண்டையில் வாசித்தார். கமாவில் நிற்கவில்லை; முற்றுப்புள்ளியிலும் நிற்கவில்லை. மூச்சு முட்டுகிற இடத்தில் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. ஜலதோஷம் என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

அக்கா இரண்டு கல்லூரிப் பெண்களைப் பிடித்து வந்தாள். நல்ல பெண்கள். ஆளுக்கொரு பாடம் பதிவு செய்து கொடுத்தார்கள். உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது. குரல் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ராத்திரிச் சோறு போடும்போது அக்கா கேட்டாள். "பாடந்தானேடா போச்சு? யாரு படிச்சா என்ன? அந்தப் புள்ளைங்களுக்கு என்ன கொற?"

தட்டைத் தள்ளிவிட்டேன். சாம்பார் அவள் புடவையில் கொட்டியிருக்கும் போல, எழுந்து போனாள். சாம்பாரில் உப்பு அதிகம். அதுதான் காரணம்.

ஜூன் 15, ஞாயிறு

தேர்வுக்கு மூன்று வாரம். ஒரு வரி படிக்கவில்லை.

நில வருவாய்ப் பாடம் எனக்கு மனப்பாடம். இருந்தாலும் தினமும் சாயங்காலம் அதைத்தான் போட்டுக் கேட்பேன், மறுபார்வை நல்லது. ரயத்துவாரி முறையின் நடுவில் அக்காவின் குக்கர் விசில் அடிக்கும். செவ்வந்தி நிறுத்தி, "பருப்பு வெந்துருச்சு. நமக்குத்தான் இன்னும் ஆங்கிலேயன் போகல" என்பாள். நான் சிரிப்பதும் அதில் கேட்கும். அந்த இடத்தை வெட்டச் சொன்னாள். வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துக்கொண்டேன்.

இனி அது வருமா என்று தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? என்னவென்று கேட்பது?

ஜூன் 18, புதன்

சேலத்துக்காரர் மீட்டதைப் புது ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அனுப்பியிருந்தார். அதை மறுபடியும் இரண்டாவது டிஸ்க்காக மாட்ட வேண்டும். மாமா கையில் திருப்புளி. ஆனால் இம்முறை ஸ்பீக்கரை முதலில் ஆன் செய்தார். குரல் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "இரு, அந்தம்மா முழுசா சொல்லி முடிக்கட்டும்" என்று காத்திருந்தார். முடித்ததும், "இப்ப தட்டட்டுமா?" என்று என்னைக் கேட்டார். அவர் அவளுக்கு மரியாதை கொடுத்ததைக் கேட்க வேடிக்கையாக இருந்தது.

டிஸ்க் வந்தது. உள்ளே வரிசையாகக் கோப்புகள், எல்லாவற்றுக்கும் நம்பர்தான் பெயர். ஆயிரத்துக்கு மேல். எதில் என்ன இருக்கிறதென்று தெரிய ஒவ்வொன்றையும் திறந்து கேட்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

கேட்கிறேன். முழுப் பாடம் ஒன்று, பாதிப் பாடம் நாலு. சில கோப்பில் வெறும் கரகர. சிலதில் அவள் வாசிப்பின் நடுவே திடீரென்று மாமாவின் பாட்டு வந்து நிற்கிறது. குப்பை நிறைய. "ஐயோ, தப்பாப் படிச்சிட்டேன்" என்று நிறுத்தியது, தும்மியது, மைக் விழுந்தது, தண்ணீர் குடித்தது. அன்றைக்கே அழித்ததெல்லாம் வந்து நிற்கிறது.

அக்கா டீ வைத்துவிட்டு, "கெடச்சுதாடா?" என்றாள். "நாலஞ்சு பாடம்" என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

நில வருவாய் கிடைக்கவில்லை. அந்தக் குக்கர் விசிலும் போய்விட்டது.

உண்மையை எழுதினால்தான் என்ன? இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்? பாடங்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தும்மலையும் தண்ணீர் குடித்ததையும் தனியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக நான் பாடம் தேடவில்லை. அவளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவள் முகம் தெரியாது, அவள் கை பிடித்ததில்லை. அவள் என்றால் எனக்கு இந்தக் குரல் மட்டும்தான். அதையும் ஒரு பினிஷ் தட்டி முடித்துவிட்டார்கள். தேர்வு போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றுகிறது. அப்புறம் நான் எங்கே போவேன் என்றும் தோன்றுகிறது.

ஜூன் 25, புதன்

காலை பத்து மணி இருக்கும். அக்கா சமையலறையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த நம்பரைத் திறந்தேன்.

"ரெடியா? ஆரம்பிக்கிறேன். பஞ்சாயத்து ராஜ். எழுபத்து மூன்றாவது திருத்தம்..."

கதவுச் சத்தம். வளையல் சத்தம். பிறகு அக்காவின் குரல்.

"செவ்வந்தி, கொஞ்சம் நிறுத்தும்மா. அவன் பல்லு டாக்டர்கிட்டப் போயிருக்கான். அவன் இல்லாதப்பவே சொல்லிரணும். நாளையிலருந்து நீ வரவேணாம்."

"ஏங்க்கா? நான் ஏதாச்சும் தப்பா..."

"தப்பு ஒண்ணுமில்ல. நீ சக்களத்தி அது இதுன்னு சிரிச்சுப்புட்டுப் போயிடுற. அவன் நெசம்னு நெனச்சுக்குவான். உள்ள ஆச வெச்சிருக்கான், எனக்குத் தெரியாதா? நாளைக்கு நீ கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிட்டா அவன யாரு தேத்துறது?"

நாற்காலி நகர்ந்தது.

"அவரு மட்டும்தான் ஆச வெச்சிருக்காருன்னு நெனைக்கிறீங்களாக்கா?"

"அதான் எனக்குப் பயமே. உங்கப்பா வந்து வாசல்ல நின்னு கத்தினா நான் என்ன பதில் சொல்லுவேன்? ஓசூர்ல வேல வந்திருக்குன்னியே, போயிரும்மா. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மவுஸ் சத்தம். பதிவு முடிந்தது.

சமையலறையில் மிக்ஸி நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கொத்தமல்லி வாசனை என் அறை வாசல் வரை வந்து நின்றது.

"அவ அத அன்னிக்கே அழிச்சாளேடா" என்றாள் அக்கா.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுதப் போவதில்லை. சிலது என்னை வளர்த்தவளிடம் சொல்லக்கூடாதது. அவள் திருப்பிக் கத்தவில்லை. "நீ ஒடஞ்சு போயிடுவேன்னு பயந்தேன்டா" என்றாள்.

"இப்ப மட்டும் முழுசாவா இருக்கேன்?"

வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. சத்தமில்லாமல் அழத் தெரிந்தவள்.

ஜூன் 26, வியாழன்

அக்காவுடன் பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். உப்பு சரியாக இருக்கிறது.

மாமாவுக்கு இதெல்லாம் தெரியாதாம். பதிவைக் கேட்டார். இரண்டாம் முறை போடச் சொல்லிக் கேட்டார். "பதினஞ்சு மாசம் ஆச்சுய்யா, இன்னும் என்ன யோசன? போனப் போடு மாப்ள!" என்றார். தெருவுக்கே தெரிந்திருக்கும். போகட்டும், தெரியட்டும்.

நம்பரைத்தான் அழித்துவிட்டேனே என்றேன். போனிலிருந்து அழித்தேன், அவ்வளவுதான். எனக்கு நம்பர் மறப்பதில்லை.

ஜூன் 27, வெள்ளி

பகல் முழுக்கப் போனைக் கையில் வைத்திருந்தேன். ஒன்பது எண் வரை தட்டுவேன், பத்தாவதில் நிறுத்துவேன். கல்யாணமாகியிருக்கலாம். குழந்தைகூட இருக்கலாம். ஓசூரில் எவனோ போனை எடுத்து, யாருங்க என்று கேட்கலாம். "வணக்கம், உங்க மனைவியோட தும்மல் எங்கிட்ட இருக்கு" என்றா சொல்வது?

சாயங்காலம் ஐந்தரைக்கு, அவள் வழக்கமாக வருகிற நேரத்துக்கு, பத்தாவதையும் தட்டிவிட்டேன்.

நாலு தடவை மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஹலோ?"

அவள்தான்.

"ஹலோ, யாருங்க?"

வைத்துவிடுவாள் என்று பயந்து நாற்காலியிலிருந்து எழுந்தேன். முழங்கை எழுத்துப் பலகையில் இடித்தது. உடனே ஸ்பீக்கரில் அது ஆரம்பித்துவிட்டது. ஈ டிரைவ், கோப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு, கோப்பு முந்நூற்றுப் பதின்மூன்று, கோப்பு முந்நூற்றுப் பதினான்கு. நிறுத்தும் விசையைத் தடவினேன், அகப்படவில்லை. மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனது.

போனின் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன்.

"அந்தச் சக்களத்தி," என்றாள் செவ்வந்தி, குரல் உடைந்திருந்தது, "இன்னும் வாய மூடலயா?"